பிணத்தைத் தூக்கியவன் கவிதையில் எங்கே?

பேரழிவு ஒன்று நடந்தால் மூன்றாம் நாளே கவிதை வந்துவிடுகிறது. ஒரு வாரத்தில் அஞ்சலிக் கூட்டம், ஒரு மாதத்தில் சிறப்பிதழ், ஆண்டு நிறைவுக்குள் தொகுப்பு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழில் வந்து குவிந்த கவிதைகளை, ஓவியங்களை, மேடை நிகழ்ச்சிகளை எண்ணிப் பாருங்கள் தோழர்களே. கடலைத் தாய் என்று பாடியவர்கள் ஒரே நாளில் பேய் என்று பாடினார்கள். அத்தனைக்கும் அடியில் ஓடியது ஒரே வாசகம்தான்: கடல் சாதி பார்க்கவில்லை, மதம் பார்க்கவில்லை, எல்லோரையும் சமமாக அள்ளிக்கொண்டு போனது.

சரி, கடல் பார்க்கவில்லை. கரை பார்த்ததா இல்லையா?

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8000 பேர் செத்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல். அந்தப் பிணங்களை எடுத்தது யார்? பல ஊர் நகராட்சிகளிலிருந்தும் லாரியில் ஏற்றிக்கொண்டு போகப்பட்ட துப்புரவுப் பணியாளர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். பலருக்குக் கையுறை இல்லை, காலில் பூட்ஸ் இல்லை. உப்புத் தண்ணீரில் ஊறி, தொட்டால் தோல் கழன்று வரும் உடம்புகளை அவர்கள் கையால் எடுத்தார்கள். சொந்தக்காரனே கிட்டே வரத் தயங்கிய உடம்பு அது. அதே மாவட்டத்தில் நிவாரண முகாம்களில் தலித்துகளுக்குத் தனி இடம் என்றும், பொதுத் தண்ணீர்த் தொட்டியைத் தொட விடவில்லை என்றும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. பிணத்தைத் தொடலாம், தண்ணீரைத் தொடக்கூடாது. இதுதான் 'எல்லோரையும் சமமாக்கிய' பேரழிவு.

மீனவ மக்களின் துக்கத்தைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. காசிமேட்டிலும் திருவொற்றியூர், எண்ணூர் குப்பங்களிலும் வீடும் படகும் போய் நின்ற மக்கள் நம்முடைய பக்கத்துத் தெருக்காரர்கள். எர்ணாவூரில் 'சுனாமி குடியிருப்பு' என்றே ஒரு முகவரி இருக்கிறது. ரேஷன் கார்டிலும் பள்ளிக்கூடச் சான்றிதழிலும் செத்த நாளைச் சுமந்துகொண்டு அங்கே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அவர்களுக்கும் இந்த 'தேசியத் துக்கம்' எதையும் ஆற்றிவிடவில்லை. நான் கேட்பது வேறு. படகுக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் நிவாரணக் கணக்கு இருந்தது. அந்தப் படகிலிருந்து மீன் கூடையை இறக்கியவனுக்கு, ஐஸ் உடைத்தவனுக்கு, மீன்பாடி வண்டி மிதித்தவனுக்கு, கடல் நீர் புகுந்த வயலில் கூலிக்கு நின்றவளுக்கு என்ன கணக்கு? வங்கிக் கவுண்டரில் படிவங்களோடு பிழைப்பு நடத்துகிறவன் நான். படிவத்தில் கட்டம் இல்லாத ஆளுக்கு இழப்பும் கிடையாது என்பது அங்கே தினம் பார்க்கிற விஷயம். நம் இரங்கற்பாக்களும் இப்படிப்பட்ட படிவங்கள்தான். அவற்றில் தாய்க்குக் கட்டம் உண்டு, குழந்தைக்கு உண்டு, ஒதுங்கிய பொம்மைக்கும் ஒற்றைச் செருப்புக்கும்கூட உண்டு. பிணத்தைத் தூக்கினவனுக்கு இல்லை.

டிசம்பர் 26ஐ நினைவில் வைத்திருக்கும் இந்த நாடு, டிசம்பர் 25ஐ எப்படி மறந்தது? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் வைத்து 44 பேரைக் கொளுத்தினார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். அதுவும் இன்றைய நாகப்பட்டினம் மாவட்டம்தான். இரண்டுக்கும் இடையில் 36 வருடமும் ஒரு நாளும். 1970இல் கீழ்க் கோர்ட்டு தண்டித்த மிராசுதார் கோபாலகிருஷ்ண நாயுடுவையும் மற்றவர்களையும் 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியதில் தாமிரபரணியில் 17 பேர் பிணமானார்கள். இதற்கெல்லாம் எந்தக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது? கொன்றவன் இன்னார் என்று காட்ட முடியாத சாவு மட்டும்தான் 'தேசியத் துக்கம்' ஆகிறது. கொன்றவனுக்குப் பெயர் இருந்தால் அது 'இரு தரப்பு மோதல்', 'சட்டம் ஒழுங்குப் பிரச்சினை'.

வெண்மணிக்குப் பிறகு கலை என்ன செய்தது என்பதில் நமக்குப் பாடம் இருக்கிறது. இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' எழுதினார். 1977இல் அதற்கு சாகித்திய அகாதமி பரிசும் கிடைத்தது. கூலியும் நிலமும் சாதியும் மோதிய ஒரு படுகொலையை எடுத்துக்கொண்டு, நிலக்கிழாரின் ஆண்மைக் குறையில் கொண்டுபோய் அந்த நாவல் முடிச்சுப் போட்டது. எரிந்தவர்களைவிட எரித்தவனின் மனசு அந்த எழுத்துக்குச் சுவாரசியமாகப்பட்டது. இன்னொரு பக்கம் இன்குலாப் 'மனுசங்கடா' எழுதினார். கே.ஏ. குணசேகரன் அதைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் பாடினார். இன்குலாப் சேரியில் பிறந்தவரல்லர். ஆகவே இது பிறப்பைப் பற்றிய வாதமல்ல, எந்தப் பக்கம் நின்று அழுகிறாய் என்பதைப் பற்றியது. 2005இல் பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம் வந்தது. ஒரு மனிதனின் பெயரும் அவன் குடிசையும் தலைப்பிலேயே இருக்கின்றன. 37 வருடம் கழித்தும் மீதமிருந்தவர்களிடம் போய், அன்றைக்கு என்ன நடந்தது என்று அது கேட்டது. துக்கத்திலிருந்து பிறக்கிற கலைக்கு முதல் வேலை இப்படிக் கேட்பதுதான்.

கேட்பதையும் பெயர் சொல்வதையும் நாம் எங்கேயும் போய்க் கற்க வேண்டியதில்லை. ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ ஒரு சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து பாருங்கள். பந்தல் போட்டு, பெஞ்சு போட்டு, டோலக்கோ சட்டியோ, ஒன்றும் இல்லாவிட்டால் தீப்பெட்டியோ வைத்துத் தாளம் கட்டிப் பாடுகிற மரண கானா என்ன செய்கிறது? செத்தவன் பெயரைச் சொல்கிறது. எந்தத் தெரு, யாருடைய மகன், ஹார்பரில் மூட்டை தூக்கினானா, மில்லில் ஷிப்டு பார்த்தானா, ரிக்‌ஷா மிதித்தானா, யாரிடம் கடன் பட்டான், எந்தப் பெண்ணுக்காக அடி வாங்கினான், எல்லாம் வரும். நடுவில் கிண்டல் வரும், சிரிப்பு வரும், அழுகையும் வரும். 'மனித குலம்', 'தேசம்' என்று யாரும் பாடுவதில்லை. "எங்க அண்ணன் போயிட்டாரு" என்றுதான் பாடுகிறார்கள். 1990களில் சினிமா இந்தக் கானாவிலிருந்து சாவைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குத்தாட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. பிணம் படுத்திருந்த பாட்டிலிருந்து பிணத்தை அப்புறப்படுத்திய பிறகுதான் அது எல்லார் வீட்டு டீவியிலும் நுழைய முடிந்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோதுதான், கானா தன் தெருவின் வாயோடு, இடஒதுக்கீடும் மாட்டுக்கறியும் பேசிக்கொண்டு, பெரிய மேடைக்குத் திரும்பியது.

நம் பெண்களின் ஒப்பாரியையும் கவனியுங்கள். அது வெறும் அழுகையல்ல. மார்பில் அடித்துக்கொண்டே ஆண்டையைத் திட்டுவாள், வட்டிக்காரனைத் திட்டுவாள், குடித்துச் சாகடித்த புருஷனைத் திட்டுவாள், மருந்து இல்லாத ஆஸ்பத்திரியைத் திட்டுவாள். மற்ற நாளில் வாய் திறந்தால் அடி விழும். சாவு அன்றைக்கு மட்டும் அவளைத் தடுக்க ஆளில்லை. அவளுக்கு ஆறுதல் வருவது புகாரின் வழியாகத்தான். படித்தவர்களின் இரங்கற்பா அவளிடமிருந்து கண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு புகாரை விட்டுவிடுகிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம், பிணக்குழி தோண்ட மாட்டோம், சாவு சொல்லப் போக மாட்டோம் என்று மறுத்ததுதானே நம் இயக்கத்தின் வரலாறு? 1927 மகாத் மாநாட்டில் அம்பேத்கர் செத்த மாட்டின் இறைச்சியையும் பரம்பரை இழிதொழிலையும் விடச் சொன்னார். தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் பறையடிப்பதற்கு எதிராகவே போராடினார். பறையைக் கீழே வைத்ததற்காக அடிபட்ட சேரிகள், ஊர்விலக்கம் கண்ட சேரிகள் உண்டு. இப்போது நீ வந்து சாவுப் பாட்டைத் தூக்கிப் பிடிக்கிறாயே?

தோழர்களே, இரண்டும் ஒன்றல்ல. அடுத்தவன் வீட்டுச் சாவுக்கு நெல்லுக்கும் சாராயத்துக்கும் கட்டாயமாக அடிப்பது சாதி விதித்த ஊழியம். அதை மறுத்தது சரி, இன்னும் மறுக்காத இடங்களில் மறுக்கவும் வேண்டும். நம் சாவுக்கு நாம் விரும்பி அடிப்பது உரிமை. 1990களில் தலித் கலை விழாக்களின் மேடையில் பறை ஏறியபோது நடந்தது இந்த மாற்றம்தான். பறை அதே பறைதான், அடிக்கச் சொல்கிறவன்தான் இல்லாமல் போனான். இந்தச் சமூகம் துக்கத்தின் வேலை முழுவதையும் நம் தலையில் கட்டியது. துக்கப்படும் உரிமையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. அந்த உரிமையை எடுத்துக்கொள்வதைத்தான் தலித் கலை என்கிறேன்.

வெளியுலகிலும் இந்தச் சண்டை உண்டு. வாஷிங்டனில் 1982இல் எழுப்பிய வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58000க்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பெயர்கள் இருக்கின்றன, பதவி வரிசையில் இல்லாமல் செத்த வரிசையில். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவர்களின் குண்டில் செத்த வியட்நாம் விவசாயி ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. 1987இல் அதே நகரத்தில், எய்ட்ஸ் நோயால் செத்தவர்களின் நண்பர்களும் உறவினரும், ஆளுக்கொரு துணியில் பெயர் தைத்துக் கொண்டுவந்து விரித்தார்கள். ஒவ்வொரு துணியும் 3 அடிக்கு 6 அடி, ஒரு குழியின் அளவு. அரசு வாய்திறக்கத் தயங்கிய சாவு அது. சவ அடக்கம்கூடச் செய்ய மறுக்கப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. சுவர் அரசு அனுமதித்த துக்கம். துணி, விலக்கி வைக்கப்பட்டவர்கள் தாங்களே எடுத்துக்கொண்ட துக்கம். நமக்கு வேண்டியது துணி.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியபோது, அதை வெறுங்கையாலும் பக்கெட்டாலும் அள்ளியவர்கள் பிழைப்பை இழந்த மீனவர்களே. கொரோனா காலத்தில் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு மாலை போட்டார்கள், கால் கழுவினார்கள், பூத் தூவினார்கள், 'முன்களப் பணியாளர்' என்று கவிதை எழுதினார்கள். 2025 ஆகஸ்டில் இதே ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. பூத் தூவிய கவிஞர்களில் எத்தனை பேர் அந்த நடைபாதைக்கு வந்தார்கள்? பேரழிவின்போது கடவுள், பேரழிவு முடிந்தால் ஒப்பந்தக் கூலி. இந்த இரண்டு வரிக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை எழுதாத கவிதை எதை எழுதி என்ன?

அழக்கூடாது என்று சொல்லவில்லை. ஆறுதல் தேடுவதும் குற்றமல்ல. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவள் ஒரு பாட்டைக் கேட்டு ஒரு ராத்திரி தூங்கினால் அந்தப் பாட்டைக் கும்பிடலாம். ஆனால் அழ வேண்டியவன் அழுது முடிக்கும் முன்பே, அவன் சார்பில் நாலு பேர் மேடையில் அழுது கைதட்டு வாங்கி, கணக்கை முடித்துவிடுவது துக்கமல்ல, இரண்டாவது அடக்கம்.

கல்லூரிகளில் டிசம்பர் அஞ்சலி நடத்துகிற மாணவத் தோழர்களுக்கு நேரடியாகச் சொல்கிறேன். 25ஐயும் 26ஐயும் சேர்த்தே நடத்துங்கள். மெழுகுவர்த்தி ஏற்றும் முன்பு பெயர்களை வாசியுங்கள், 44 பெயரையும். பிணம் எடுத்த தொழிலாளர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவரையாவது தேடிப் பிடித்து உட்கார வைத்துப் பேசவிடுங்கள். அவர் பேசுவது கவிதை மாதிரி இருக்காது. கூலி பாக்கியைப் பற்றிப் பேசுவார், அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்பார், இன்னும் நாற்றம் போகவில்லை என்பார். குறுக்கே பேசாதீர்கள். மரண கானாக்காரரைக் கூப்பிட்டால் கூலி பேசி, அதைப் பாட்டு தொடங்கும் முன்பே கையில் கொடுங்கள். 'வாய்ப்பு கொடுத்தோம்' என்று சொல்லாதீர்கள். அதன் பிறகும் உங்களுக்குக் கவிதை வந்தால் எழுதுங்கள். அதில் ஒரு வரியாவது, பிணத்தைத் தூக்கிவிட்டு வந்தவன் கை கழுவத் தண்ணீர் கேட்டபோது யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று சொல்லட்டும்.