கலங்கிய தண்ணீரும் தெளிந்த தண்ணீரும்

சென்ற மாதம் கோவையில் என் அத்தை வீட்டுக்கு ஒரு வாலிபர் வந்தார். தண்ணீரைச் சுத்தம் செய்யும் யந்திரம் விற்பவர். வந்ததும் இரண்டு கண்ணாடித் தம்ளர் கேட்டார். ஒன்றில் அத்தை வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர். மற்றதில் அவரே புட்டியில் கொண்டுவந்த சுத்தத் தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி, மின்சார விசையைத் தட்டினார். அவ்வளவுதான்! இரண்டே நிமிஷத்தில் அத்தையின் தண்ணீர் பழுப்பேறிக் கசடு திரண்டு நின்றது. அவருடைய தண்ணீரோ பளிங்கு மாதிரி அப்படியே இருந்தது.

"பாருங்கம்மா, இத்தனை அழுக்கைத்தானுங்க இத்தனை நாளாக் குடிச்சிட்டு இருந்திருக்கீங்க" என்றார்.

அத்தை பீரோச் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டாள். நான் சமையலறைக்குள் போய் ஒரு சிட்டிகை உப்பை எடுத்து வந்து, வாலிபரின் சுத்தத் தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். "தம்பி, இப்போது இதில் கம்பியை இறக்குங்கள், பார்ப்போம்" என்றேன். இறக்கினார். அதுவும் பழுப்பாயிற்று. நல்ல பிள்ளை, கோபித்துக்கொள்ளாமல் சிரித்துவிட்டார்.

விஷயம் இதுதான். மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைகிறது. கரைந்த இரும்பு துருவாகித் திரளுகிறது. நாம் பார்த்த அழுக்கு தண்ணீரிலிருந்து வந்ததல்ல, கம்பியிலிருந்து வந்தது. சுத்தத் தண்ணீரில் மின்சாரத்தைச் சுமந்து செல்ல உப்பு இல்லை. ஆகவே அங்கே கம்பியும் கரையவில்லை, நிறமும் மாறவில்லை.

"அட, கம்பியக் கரைச்சா நமக்குக் காட்டினான்!" என்றாள் அத்தை, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே.

ஆனால் இந்த வித்தைக்குள்ளே ஒரு நல்ல சாஸ்திரமும் ஒளிந்திருக்கிறது. உப்பு கூடக் கூடத் தண்ணீரில் மின்சாரம் கூடுதலாகப் பாயும். அப்படியானால் பாயும் மின்சாரத்தை அளந்தே உப்பைக் கணக்கிடலாம் அல்லவா? நேர்மின்சாரத்தை விட்டால் கம்பியில் ரசாயன மாறுதல் நேர்ந்து கணக்குக் கெட்டுவிடும். அதனால் திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தைப் பயன்படுத்தி இதைத் துல்லியமாக்கினார், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி கோல்ராஷ். குறிப்பிட்ட இடைவெளியில் இரண்டு தகடுகள், தெரிந்த அளவு வோல்ட்டேஜ், பாய்கிற கரண்ட் எவ்வளவு என்ற கணக்கு. வருகிற எண்ணுக்கு மைக்ரோ சீமென்ஸ் என்று அலகு. தண்ணீர் சூடேறினால் எண்ணும் ஏறும். ஆகையால் 25 டிகிரிக்குத் திருத்திச் சொல்வார்கள்.

அந்த வாலிபரின் சட்டைப் பையிலிருந்த பேனா போன்ற 'டி.டி.எஸ். மீட்டர்' இந்த ஜாதிதான். அது உப்பை நிறுத்துப் பார்ப்பதில்லை. மின்சாரத்தை அளந்து, அதில் பாதிக்குச் சற்று முன்பின்னாக ஓர் எண்ணை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 500. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை. அத்தை வீட்டுத் தண்ணீர் 640 காட்டியது. யந்திரம் வாங்குவதா வேண்டாமா என்று நிதானமாக யோசிக்க வேண்டிய எண். அலறி அடித்துச் சாவி தேட வேண்டிய எண் அல்ல.

தெளிந்த தண்ணீரைக் கலக்கிக் காட்டி அத்தையைப் பயமுறுத்தினார்கள். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைத்து ஊரையே நம்ப வைத்த கதை நொய்யல் கரையில் நடந்தது.

திருப்பூர்ப் பனியனுக்குச் சாயம் ஏற வேண்டுமானால் சாயத்தொட்டியில் உப்புப் போட்டாக வேண்டும். சாயத்தை நூலோடு சேர்த்துவைப்பதே உப்பின் வேலை. கலியாணத் தரகர் மாதிரி, சேர்த்து வைத்ததும் அது வெளியே வந்துவிடும், துணியில் தங்காது. வெள்ளிங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யலில் இந்தக் கழிவு விழுந்தபோது, ஆறு சிவப்பாகவும் நீலமாகவும் ஓடிற்று. பிறகு சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டார்கள். நிறம் கசடாக அடியில் தங்கியது. மேலே தெளிந்த தண்ணீர். பார்த்தவர்களுக்குத் திருப்தி. மீட்டரை இறக்கினால்தான் சங்கதி தெரியும்: உப்பு ஒரு துளியும் குறையவில்லை! 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கிற்று. சுற்றிலும் கிணறுகள் உவர்ப்பாயின. விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் உத்தரவிட்டது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லிவிட்டது. பிறகு, தண்ணீரையும் உப்பையும் பிரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டோடுதான் அவற்றைத் திறக்க விட்டார்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த மீட்டர் 'எவ்வளவு' என்று சொல்லும். 'எது' என்று சொல்லாது. கிருமியையும் காட்டாது. ஃபுளோரைடு இருக்கிறதா என்று அறிய, லாந்தனம் ஃபுளோரைடு படிகம் பதித்த மின்முனையில் எழும் வோல்ட்டேஜை அளக்கிறார்கள். அது 1966-ல் அமெரிக்காவில் வந்த கண்டுபிடிப்பு. ஈயம், காட்மியம் போன்றவற்றுக்குப் பாதரசத்தைச் சொட்டுச் சொட்டாக விழவிட்டுக் கரண்டை அளக்கும் முறையை 1922-ல் பிராக் நகரத்து ஹெய்ரோவ்ஸ்கி கண்டார். 1959-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

அணைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். கோவை வேளாண்மைப் பல்கலைக் கழகத்தில் மண்ணும் நீரும் பரிசோதித்த சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார். மகன் வாங்கிக் கொடுத்த பேனா மீட்டர் அவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கிணற்றுத் தண்ணீரை அளந்து, மோட்டார் ரூம் சுவரில் சாக்குக் கட்டியால் எழுதி வருகிறார். 4,100, 3,600, 3,700, 2,900.

"நடுவுல ஒருக்கா ஏறியிருக்குதே ஐயா?" என்றேன்.

"அந்த வருசம் மழை இல்லீங்க தம்பி" என்றார். "ரெண்டாயிரத்துக்குக் கீழ வரட்டும். மறுபடி மஞ்சள் போட்டுப் பார்க்கலாம்னு இருக்கறனுங்க."

சுவரில் இன்னும் இடம் இருந்தது.