புறக்கோட்டையில் குழாய் மாற்ற நல்ல மாதம் எது?

கொழும்பு நகரின் நிலத்தடி நீர்க்குழாய்களில் கணிசமானவை நூறு வருடங்களுக்கு முன்னர் பதிக்கப்பட்ட வார்ப்பிரும்புக் குழாய்கள். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் 2012இல் ஆரம்பிக்கப்பட்ட கொழும்பு நீர் விநியோக மேம்பாட்டுத் திட்டம் இதை மாற்றியமைக்கவே வந்தது. அப்போது நகருக்குள் விடப்படும் சுத்திகரித்த நீரில் ஏறத்தாழ பாதி எந்தப் பட்டியலிலும் சேராமல் கசிந்தும் களவாகவும் போய்க்கொண்டிருந்தது. அதை 18 வீதமாகக் குறைப்பதே இலக்கு. அதற்காக வீதி வீதியாகத் தோண்டுகிறார்கள், இனியும் தோண்டுவார்கள்.

தோண்டுவது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எப்போது, எந்த ஒழுங்கில் தோண்டுவது என்பது பொறியியலாளர்கள் மட்டும் தீர்மானிக்கும் விடயமல்ல. புறக்கோட்டை போன்ற இடத்தில் மூன்று வாரம் ஒரு தெரு மூடப்பட்டால் முதலில் அடிபடுவது பெரிய முதலாளி அல்ல. அன்றாடக் கூலிக்கு வண்டி இழுக்கும் நாட்டாமி, நடைபாதையில் கடை விரித்திருப்பவர், மாத வாடகைக்குச் சிறு கடை எடுத்தவர் ஆகியோரே முதலில் பாதிக்கப்படுகின்றனர். இவர்களில் நமது சமூகத்தவர் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை.

எல்லோருக்கும் சீசன்

"சீசன் நேரத்தில் தோண்டாதீர்கள்" என்பதுதான் வர்த்தகர்களின் வழமையான கோரிக்கை. நியாயமானதே. ஆனால் எல்லோருடைய சீசனையும் ஒரே கலண்டரில் குறித்துப் பாருங்கள். ஜனவரியில் பாடசாலைப் பொருட்களும் தைப்பொங்கலும். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு. மே மாதத்தில் வெசாக். ஒக்டோபர், நவம்பரில் தீபாவளி. டிசம்பரில் நத்தார். இவற்றுக்கு நடுவே நமது இரண்டு பெருநாட்கள் வருடாவருடம் பத்துப் பதினொரு நாட்கள் முன்னோக்கி நகர்கின்றன.

இந்த நகர்வைத் திட்டமிடுபவர்கள் கவனிக்க வேண்டும். கொழும்பில் மழை மிகக் குறைந்த காலம் ஜனவரியும் பெப்ரவரியும். குழி தோண்டுவதற்குப் பொறியியலாளர்கள் இயல்பாகத் தேர்ந்தெடுப்பது அந்தக் காலத்தைத்தான். ஆனால் பிறை பார்ப்பதில் ஒரு நாள் முன்பின்னாக, 2027இல் ரமழான் பெப்ரவரி 8 அளவிலும், 2028இல் ஜனவரி 28 அளவிலும், 2029இல் ஜனவரி நடுப்பகுதியிலும் ஆரம்பமாகும். 2030இல் ஜனவரித் தொடக்கத்தில் ஒரு தடவையும், டிசம்பர் இறுதியில் இன்னொரு தடவையும் ரமழான் வரும். ஆக, வரும் சில வருடங்களுக்கு வரட்சிக் காலமும் ரமழானும் ஒன்றாகவே இருக்கப் போகின்றன.

அதோடு புறக்கோட்டையின் ரமழான் சீசன் தலைப்பிறையோடு தொடங்குவதில்லை. காத்தான்குடி, அக்கரைப்பற்று, புத்தளம் வியாபாரிகள் மொத்தக் கொள்வனவுக்கு வருவது ரஜபிலும் ஷஃபானிலும்தான். "நோன்பு தொடங்க முன் முடித்துவிடுகிறோம்" என்று ஓர் அதிகாரி நல்லெண்ணத்துடன் சொன்னாலும், மொத்த வியாபாரிக்கு அது சரியாக நடு சீசனாகிவிடும்.

எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் இறுதி வரையான சுமார் 15 வாரங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலமாக இருந்தாலும் கொழும்பில் மழை உச்சமடைவது மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும்தான். ஜூலை, ஓகஸ்டில் ஓரளவு குறையும். ஆனாலும் முழுப் புறக்கோட்டையையும் 15 வாரத்துக்குள் அடக்க முடியாது.

தெருவுக்குத் தெரு வேறு கலண்டர்

முழுப் பிரதேசத்துக்கும் ஒரே காலம் தேடுவதை விட்டுவிட்டால் வழி பிறக்கும். புறக்கோட்டை ஒரே சந்தையல்ல. மலிபன் வீதியில் காகிதாதிகள். அங்கே நவம்பர் முதல் ஜனவரி வரை கை வைக்கக் கூடாது, ரமழானில் தோண்டினால் பெரிய நட்டமில்லை. பழைய சோனகத் தெருவிலும் குவாரி வீதியிலும் இரும்புச் சாமான்களும் கட்டடப் பொருட்களும். அவற்றுக்குப் பெருநாளும் நத்தாரும் பெரிய சீசன் அல்ல. செட்டியார் தெரு நகைக் கடைகளின் கணக்கு வேறு. துணிக்கடைகள் நிறைந்த பிரதான வீதியையும் இரண்டாம் குறுக்குத் தெருவையும், அரிசி, சீனி, மளிகை மொத்த வியாபாரம் நடக்கும் நான்காம் குறுக்குத் தெருவையும் அந்த 15 வாரங்களுக்கென ஒதுக்கி வைக்கலாம். இப்படிப் பிரித்தால் வருடத்தில் பெரும்பாலான மாதங்களில் ஏதோ ஒரு தெருவில் வேலை நடக்கும். எந்தத் தெருவும் தன் சீசனை இழக்காது.

இந்தப் பட்டியலை நீர் வழங்கல் சபை தயாரிக்க முடியாது. அது வர்த்தகர்களிடம்தான் இருக்கிறது.

நட்டம் எங்கே ஏற்படுகிறது?

குழாய் மாற்றம் என்றவுடன் பலரும் நீர்வெட்டைத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் பழைய குழாயில் நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் புதியதைப் பதிக்க முடியும். அழுத்தம் பரிசோதித்து, குளோரினால் சுத்தப்படுத்தி, கடைசியில் இணைப்பை மாற்றும்போது சில மணித்தியாலங்கள் மட்டும் வெட்டினால் போதும். வியாபாரத்தை அதிகம் முடக்குவது, குழாய் பதித்த பின்னர் மண்ணை நிரப்பிவிட்டுக் கார்ப்பட் போடாமல் வாரக்கணக்கில் விட்டுவைப்பது. தூசியும் சேறும் பள்ளமும் இருக்கும் தெருவுக்கு வாடிக்கையாளர் வரமாட்டார், லொறியும் நுழையாது.

ஆகவே முதல் கோரிக்கை, ஒரு தெருவை முழுமையாக முடித்து வீதியைச் செப்பனிட்ட பின்னரே அடுத்த தெருவைத் தொட வேண்டும் என்பதாகும். இது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். தாமதத்துக்கான நட்டஈடு முழுத் திட்டத்தின் இறுதித் திகதிக்கு மட்டும் விதிக்கப்பட்டால், தனித்தனித் தெருக்களில் இழுத்தடிப்பதால் ஒப்பந்தக்காரருக்கு எந்த இழப்பும் இல்லை. லண்டனில் 2012 முதல், நெரிசலான வீதிகளை நெரிசல் நேரத்தில் மறித்துத் தோண்டும் நிறுவனங்களிடம் நாளொன்றுக்கு 2,500 பவுண் வரை கட்டணம் அறவிடும் முறை நடைமுறைக்கு வந்தது. நேரத்துக்கு விலை வைத்ததும் நிறுவனங்கள் இரவில் வேலை செய்யவும் விரைவாக முடிக்கவும் பழகிக்கொண்டன. அதே தொகையை இங்கே விதிக்கத் தேவையில்லை. அந்தத் தத்துவம் போதும்.

இரண்டாவது, ஒரு தடவை தோண்டினால் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். கழிவுநீர்க் குழாய்கள் மாநகர சபைக்குச் சொந்தமானவை. மின்சாரமும் தொலைபேசியும் வேறு நிறுவனங்களுக்குரியவை. இன்று கார்ப்பட் போட்ட வீதியை ஆறு மாதத்தில் இன்னொருவர் வெட்டுவதை நாம் பார்த்துச் சலித்துவிட்டோம். தோண்ட அனுமதி வழங்கும் மாநகர சபை, அனைவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும்.

மூன்றாவது, வேலை நேரம். ஞாயிற்றுக்கிழமையும் போயா தினமும் பெரும்பாலான மொத்தக் கடைகள் மூடியிருக்கும். இணைப்பு மாற்றும் வேலையை அந்த நாட்களுக்கு வைக்கலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் இரண்டாம் குறுக்குத் தெருவின் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல் உட்படப் பல பள்ளிகளில் ஜும்ஆவுக்குத் திரளும் மக்களுக்கு வுழூ செய்ய நீரும், நடக்க வழியும் வேண்டும்.

நான்காவது, தீ. 2023 ஒக்டோபரில் இரண்டாம் குறுக்குத் தெருவில் துணிக்கடையொன்று தீப்பற்றிப் பலர் காயமடைந்ததை மறக்க முடியாது. குழாய் மூடப்பட்டிருக்கும் நேரத்தில், வாகனம் நுழைய முடியாத தெருவில் தீ பிடித்தால் என்ன செய்வது? தீயணைப்புப் பிரிவுக்கு முன்கூட்டியே அறிவித்து, பவுசர் ஒன்றை அருகே நிறுத்திவைப்பது கட்டாய நிபந்தனையாக வேண்டும்.

நம் பக்கம்

வர்த்தகர்களுக்கும் பொறுப்பு உண்டு. தள்ளிப்போடுவது இலவசமல்ல. பழைய குழாய் தானாக வெடிக்கும்போது சீசன் பார்த்து வெடிப்பதில்லை. பெருநாளுக்கு முந்திய இரவிலும் வெடிக்கலாம். நீர் நின்று அழுத்தம் குறையும்போது, வெடிப்புகளின் வழியே பக்கத்துக் கழிவுநீர் குழாய்க்குள் உறிஞ்சப்படவும் கூடும். குடிக்கும் நீர் பற்றிய விடயம் இது.

பாதைக்கும் உரிமை உண்டு என்று கற்ற சமூகம் நாம். கடையை நடைபாதை வரை நீட்டியிருப்பவர்கள் வேலைக் காலத்திலாவது பின்வாங்கினால் தோண்டுபவர்களும் நடப்பவர்களும் ஒரே வீதியில் இருக்க முடியும். பதிவில் இல்லாத இணைப்புகளை மறைக்காமல் சொன்னால், எதிர்பாராத குழாய் வெட்டுப்பட்டு வேலை நின்றுபோவதும் குறையும்.

குழி தோண்டிய பின்னர் ஆர்ப்பாட்டம் செய்வதில் பயனில்லை. வர்த்தகச் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் சேர்ந்து, தெருவாரியாகத் தமது சீசன்களையும், சரக்கு இறக்கும் நேரங்களையும், தொழுகை நேரங்களையும் ஒரு பக்கத்தில் எழுதி, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமும் மாநகர சபையிடமும் இப்போதே கையளிக்க வேண்டும். மாநகர சபையில் நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள் அதைக் கூட்டத்தில் முன்வைக்க வேண்டும். ஒப்பந்தம் கைச்சாத்தாகும் முன்னர் கொடுக்கப்படும் அந்த ஒரு பக்கம், பின்னர் கொடுக்கப்படும் நூறு முறைப்பாடுகளைவிடப் பெறுமதியானது.