மாத்திரையை நிறுத்தும் முன்



இதயத் துடிப்பு தாறுமாறாகும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பல, துடிப்பை விட்டுவிட்டு, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைப் பற்றியே கேட்கின்றன. பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறதே, நிறுத்திவிடலாமா என்கிறார் ஒருவர். 76 வயது அம்மா தடுமாறி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், டாக்டர் எழுதிக் கொடுத்ததை வாங்காமலே வைத்திருக்கிறார் ஒரு மகன்.

பயத்தைக் குறை சொல்ல முடியாது. இந்த வகையில் பழைய மருந்தான வார்ஃபரின், 1948இல் அமெரிக்காவில் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. மனிதர்களுக்குத் தர அனுமதி கிடைத்தது 1954இல். அடுத்த ஆண்டே, மாரடைப்பு வந்த அதிபர் ஐசனோவருக்கு அதைக் கொடுத்தார்கள். எலிக்கு வைத்ததை அதிபருக்கா என்று அன்றும் யாராவது கேட்டிருப்பார்கள்!

ஆனால் எதற்காக இதைத் தருகிறார்கள்? இந்தக் கோளாறில் இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குகின்றன. இடது மேலறையின் ஓரத்தில் காது மடல் போல ஒரு சிறு பை உண்டு. ரத்தம் அங்கே தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி நழுவி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. மாத்திரை அதில் மூன்றில் இரண்டு பங்கு வரை தடுத்துவிடுகிறது.

சிக்கல் என்னவென்றால், ஈறில் கசியும் ரத்தம் கண்ணுக்குத் தெரிகிறது. வராமல் போன பக்கவாதம் யாருக்கும் தெரிவதில்லை. அதனால் வீட்டில் உட்கார்ந்து நாம் போடும் கணக்கு எப்போதும் மாத்திரைக்கு எதிராகவே முடிகிறது.

டாக்டர்கள் போடும் கணக்கு வேறு. 75 வயது ஆகிவிட்டால் இரண்டு மதிப்பெண், ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு, இப்படி. மொத்தம் இரண்டைத் தொட்டாலே மாத்திரை தேவை என்பது பொதுவான விதி. கடிதத்தில் வந்த அம்மாவுக்கு பிரஷரும் சுகரும் உண்டு. அவருக்கு நான்கு! விழுந்துவிடுவாரே என்ற கவலைக்கும் 1999இல் சில ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வார்ஃபரினால் வரும் நன்மையைவிடத் தீமை மிஞ்ச வேண்டுமானால், ஒருவர் ஆண்டுக்கு 295 முறை விழ வேண்டும் என்று விடை வந்தது. அது தோராயமான மதிப்பீடுதான். ஆனாலும் விழும் பயம் மட்டுமே மருந்தைத் தவிர்க்கப் போதுமான காரணம் அல்ல.

இந்த மாத்திரைக்குப் பதில் ஆஸ்பிரின் போதும், அது சாதுவானது என்று நினைப்பவர்கள் நிறைய. வார்ஃபரின் ஒத்துவராதவர்களிடம் ஆஸ்பிரினையும் புதிய மருந்தான அபிக்ஸபானையும் ஒப்பிட்ட ஆய்வு 2011இல் வெளியானது. அபிக்ஸபான் எடுத்தவர்களிடம் பக்கவாதம் பாதிக்கும் கீழே இறங்கியது. பெரிய ரத்தக்கசிவில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் புது மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்களும் மாறிவிடாதீர்கள். செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும், ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கிப்போனவர்களுக்கும் அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற பழைய மருந்துகள்தான் சரி. நம் ஊரில் அப்படிப்பட்டவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். இவற்றை எடுப்பவர்களுக்கு ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை அலுப்புத்தான், ஆனால் மருந்தின் அளவு சரியாக இருக்கிறதா என்று சொல்வது அது ஒன்றே. இந்தப் பழைய மருந்துகளின் வேலையைக் கீரை மாற்றும் என்பதற்காக அதை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். வாரம் இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். திடீரென்று கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள்.

ரத்தக்கசிவைக் குறைக்கும் வழிகளில் பல நம் கையில்தான் இருக்கின்றன. பிரஷரைக் கட்டுக்குள் வைப்பது முதல் வேலை. மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் இந்த மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். என்னைக் கேட்டால், நாம் பயப்பட வேண்டியது அதற்குத்தான். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, தலையில் அடிபட்டாலோ, தாங்க முடியாத தலைவலி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அடிபட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் போங்கள். ஈறில் லேசான கசிவு, கையில் சின்னக் கன்றல் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். புதிய மருந்துகளின் பாதுகாப்பு, விட்ட ஓரிரு நாளிலேயே போய்விடும். பல் பிடுங்குவதாக இருந்தாலும் இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்யட்டும்.

அடுத்த முறை போகும்போது, உங்களுக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டு, மருந்துச் சீட்டின் ஓரத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்