குடுவை இல்லாமல் மரபணு மாற்றம்: நம் ஊர் எலுமிச்சைக்கு வாய்ப்பு

நெல்லில் ஒரு ரகம் கைவிட்டால் அடுத்த பட்டத்தில் மாற்றிக்கொள்ளலாம். மரப்பயிரில் அது முடியாது. எலுமிச்சை நட்டுக் காய்ப்பைக் காண மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும். அதன்பின் சொறி நோய் கண்டால், காயின் தோலைப் பார்த்ததுமே வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார். சொறி தாங்கும் கன்று கிடைப்பது சிறு விவசாயிக்குப் பெரிய உதவி.

சாந்தோமோனாஸ் என்னும் பாக்டீரியா, செடியிலுள்ள ஒரு மரபணுவைத் தூண்டிவிட்டே சொறியை உண்டாக்குகிறது. அது தூண்டும் இடத்தைத் திருத்திவிட்டால் நோய் வலுவிழக்கும். சீன விஞ்ஞானிகள் ஓர் ஆரஞ்சு ரகத்தில் இதைச் செய்து காட்டி 2017-ல் முடிவை வெளியிட்டனர்.

இத்தகைய வேலைக்குப் பெரும்பாலும் திசு வளர்ப்பு தேவைப்படுகிறது. செடியின் சிறு துண்டைக் கண்ணாடிக் குடுவையில் ஊட்டக்கலவை கொடுத்து முழுச் செடியாக்குவதே அம்முறை. மர வகைகள் பல இதற்கு எளிதில் இணங்குவதில்லை. இதனால் குடுவைக்கு இணங்கும் ரகமே ஆய்வில் முந்துகிறது. விவசாயி நம்பி நடும் ரகம் பின்தங்குகிறது.

குடுவை தேவைப்படாத முறை ஒன்றும் உண்டு. நாற்றின் தண்டை வெட்டி, வெட்டுவாயில் அக்ரோபாக்டீரியம் கலந்த கரைசலைத் தடவுகிறார்கள். மண்ணில் வாழும் இந்தப் பாக்டீரியா தன் மரபணுவில் ஒரு பகுதியைச் செடிக்குள் செலுத்தும் இயல்புடையது. வெட்டிய இடத்தில் வரும் தளிர்கள் சிலவற்றில் நாம் விரும்பிய மாற்றம் இருக்கும். சீனாவில் பம்பளிமாஸ் நாற்றுகளில் இம்முறை பலன் தந்துள்ளது.

எலுமிச்சை விதையில் பல கருக்கள் உண்டு. அவற்றுள் பல, தாய் மரத்தின் குணத்தை அப்படியே கொண்டவை. ஆகவே புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சையின் குணம் கெடாமல், அதன் நாற்றிலேயே இம்முறையை முயன்று பார்க்கலாம்.

ஆனால் குடுவை இல்லை என்பதால் பொறுமை தேவையில்லை என்று ஆகாது. ஒரே தளிரில் மாறிய பகுதியும் மாறாத பகுதியும் கலந்து வருவதுண்டு. மாறாத பகுதியில் மொட்டு எடுத்து ஒட்டினால் பயனில்லை. ஒவ்வொரு தளிரையும் சோதித்து, காய்ப்பு வரை வயலில் பார்த்தாக வேண்டும். மேலும், மத்திய அரசு 2022-ல் விதிகளைத் தளர்த்தியது, அயல் மரபணு எஞ்சாத திருத்தப் பயிர்களுக்கு மட்டுமே. ஆண்டுப் பயிரில் அயல் மரபணுவை இனக்கலப்பில் நீக்கிவிடலாம். மரத்திலோ கலப்பு செய்தால் ரகமே மாறிவிடும். இதற்கும் வழி காண வேண்டும்.

எனவே இந்த வேலையை அரசு ஆராய்ச்சி நிலையங்கள் நம் விவசாயி நடும் ரகங்களிலேயே தொடங்க வேண்டும். கத்தியும் கரைசலும் போதும் என்பதால் ஒவ்வொரு நாற்றுப் பண்ணையும் செய்யத் துணிந்தால், கலப்படக் கன்றுக்கு விலை கொடுப்பவர் விவசாயிதான். மரபணு மாற்றிய எலுமிச்சை எதுவும் இந்தியாவில் சாகுபடிக்கு அனுமதிக்கப்படவில்லை. "சொறியே வராத மரபணுக் கன்று" என்று யாரேனும் விற்றால் வாங்க வேண்டாம்.

அதுவரை, நோய் கண்ட கிளைகளை வெட்டி எரியுங்கள். பத்து லிட்டர் நீருக்கு 30 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து தெளியுங்கள். இலை துளைப்பானைக் கட்டுப்படுத்துங்கள். அது செய்யும் காயமே சொறிக்கு வாசல்.