டர்போவைக் கடைசியில் வாங்குங்கள்

“டர்போவை மாட்டி ஒரு ரீமேப் போட்டுட்டாப் போதும் அண்ணாச்சி. பெட்ரோலைக் கம்ப்யூட்டரே பாத்துக்கிடும்லா.”

திருநெல்வேலி டவுணில் கார் பைத்தியம் பிடித்த பையன்களிடம் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். ரீமேப் என்றால் இன்ஜின் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கணக்கை மாற்றி எழுதுவது. வாகையடி முனையில் டீ குடிக்கும்போது கேட்டிருக்கிறேன். பேட்டை ரோட்டுப் பட்டறைகளில் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் ஊதாரிகள் அல்ல. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தைத் தங்கள் காரில் போடுகிறவர்கள். அதனால்தான் இதைக் கேட்டும் கேட்காததுபோல் இருக்க மனசு வரவில்லை. சாதாரண பெட்ரோல் காருக்கு டர்போ போடுகிற விஷயத்தில் இந்த நம்பிக்கை தவறு. எங்கெங்கே தவறு என்று சொல்கிறேன்.

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கம்பெனியிலிருந்தே டர்போவோடு வந்த காரில், உதாரணத்துக்கு போலோ 1.0 டிஎஸ்ஐயில், அளவான ரீமேப் மட்டும் போட்டால் வேலை செய்யும். காரணம், அங்கே பம்ப், இன்ஜெக்டர், சென்சார் எல்லாமே டர்போவை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தவை. கொஞ்சம் மிச்சமும் வைத்திருப்பார்கள். ரீமேப் அந்த மிச்சத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. மிச்சமே இல்லாத காரில் எதை எடுப்பது?

அதே போலோவில் இதற்குப் பதிலும் இருக்கிறது. 2020-ல் இந்தியாவில் விற்ற போலோவில் இரண்டு பெட்ரோல் இன்ஜின்கள் இருந்தன. இரண்டும் 999 சிசி, மூன்று சிலிண்டர். எம்பிஐ கொடுத்தது 76 பிஎஸ். டிஎஸ்ஐ கொடுத்தது 110 பிஎஸ். நடுவில் உள்ள வித்தியாசம் ஒரு டர்போ மட்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் எம்பிஐயில் பெட்ரோல் இன்டேக் குழாயில் தெளிக்கப்படும். டிஎஸ்ஐயில் தனி உயர் அழுத்த பம்ப் வைத்து, சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பீய்ச்சுகிறார்கள். இன்டேக் மேனிஃபோல்டிலேயே தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர் இருக்கிறது. சென்சார்கள் வேறு, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கணக்கு வேறு. 34 பிஎஸ் கூட்டுவதற்குக் கம்பெனிக்காரன் எரிபொருள் பாதை முழுவதையும் மாற்றினான்.

இந்த நம்பிக்கை நம் ஊரில் இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கு என் கணிப்பில் காரணம் டீசல் ஸ்விஃப்ட். ஃபியட் வடிவமைத்த அந்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் ஸ்விஃப்டிலும் டிசையரிலும் ஊர் முழுக்க ஓடியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது மாருதி அதை நிறுத்திவிட்டது. அதில் ரீமேப் போட்டுப் பழகிய கைகள் இன்றும் இங்கே நிறைய உண்டு. ஆனால் டீசலில் கற்ற பாடத்தைப் பெட்ரோலுக்குக் கொண்டுவந்தால் அது தலைகீழாகிவிடும். டீசலில் எரிபொருள் குறைந்தால் இன்ஜின் குளிர்ச்சியாக ஓடும். கூடினால்தான் கரும்புகையும் சூடும். பெட்ரோல் டர்போவில், முழு பூஸ்டில் எரிபொருள் குறைந்தால்தான் சூடு ஏறும், நாக்கிங் வரும், பிஸ்டன் உருகும். டீசலில் தப்பு செய்தால் புகை காட்டிக்கொடுக்கும். பெட்ரோலில் லீனாக, அதாவது எரிபொருள் குறைவாக, ஓடுகிற இன்ஜின் பல நேரம் சத்தம்கூடக் காட்டாது. சொல்லப்போனால், உடைவதற்குக் கொஞ்சம் முன்புவரை நன்றாக இழுப்பதுபோலவே தோன்றும்.

அடுத்தது, “கம்ப்யூட்டரே பாத்துக்கிடும்” என்பது. கம்ப்யூட்டர் பார்ப்பது சென்சார் வழியாக மட்டும்தான். சாதாரண பெட்ரோல் காரில் மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தம் வரை, அதாவது சுமார் 1 பார் வரை, அளப்பதற்காக வைக்கப்பட்டது. நீங்கள் 0.8 பார் பூஸ்ட் கொடுத்தால் மேனிஃபோல்டுக்குள் உண்மையில் இருப்பது 1.8 பார். சென்சார் 1 பாருக்குச் சற்று மேலே போய் நின்றுவிடும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காற்று உள்ளே போவதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆக்சிஜன் சென்சார் காப்பாற்றாதா என்று கேட்பார்கள். கம்பெனி மாட்டிய சாதாரண ஆக்சிஜன் சென்சாருக்கு 14.7-க்கு 1 என்ற விகிதத்தின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் சொல்லத் தெரியும். முழு பூஸ்டில் நமக்கு வேண்டியது 11.5, 12 என்ற அளவு. அதைப் படிக்க வைட்பேண்ட் சென்சார் வேண்டும். போதாக்குறைக்கு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தவுடன் இந்தக் கார்கள் அந்தச் சென்சாரைக் கேட்பதையே விட்டுவிட்டு, உள்ளே எழுதி வைத்த அட்டவணைப்படி பெட்ரோல் விடும். அந்த அட்டவணையில் பூஸ்டுக்கு வரிசையே கிடையாது.

இனி பெட்ரோல் கணக்கு. இதை ஒரு தாளில் போட்டுப் பார்க்காமல் யாரும் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யக் கூடாது என்பேன். 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், 83 பிஎஸ் கார். டர்போ போட்டு 150 எச்பி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டர்போ பெட்ரோல் இன்ஜினில் ஒரு எச்பிக்கு மணிக்கு சுமார் 270 கிராம் பெட்ரோல் என்பது பட்டறைக் கணக்கு. 150 எச்பிக்கு 40 கிலோ, அதாவது மணிக்கு 54 லிட்டர். நாலு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு நிமிடத்துக்கு சுமார் 225 சிசி. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது. ஆகவே 280 சிசி. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு 14.7 பங்கு காற்று தேவையில்லை, 9 பங்கு போதும். அப்படியென்றால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். கலவையில் ஏழெட்டு சதவீதம் கூடும். கடைசியில் ஒரு இன்ஜெக்டர் 300 சிசி கொடுக்க வேண்டும். 83 பிஎஸ்ஸுக்குக் கம்பெனி அளந்து வைத்த இன்ஜெக்டருக்குத் தேவைப்பட்டது இதில் பாதிகூட இல்லை.

“இன்ஜெக்டர் அதிக நேரம் திறந்திருந்தால் ஆச்சு” என்பதும் நடக்காது. 6000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டருக்கு ஒரு முழுச் சுழற்சிக்கு, அதாவது இரண்டு சுற்றுக்கு, கிடைப்பது 20 மில்லிசெகண்ட். அதற்கு மேல் திறந்து வைக்க நேரமே இல்லை. ரீமேப்பால் நேரத்தை உண்டாக்க முடியாது.

போன சித்திரையில் ஒரு பையன் தன் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். வேறொரு ஊரில் டர்போ மாட்டி, ரீமேப்பும் போட்டிருந்தார்கள். மூன்றாவது சிலிண்டர் பிளக்கைக் கழற்றிச் சூரிய வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளைப் பீங்கானின் மேல் பொடிப்பொடியாக மின்னியது. அது கார்பன் இல்லை, பிஸ்டனின் அலுமினியம். ஹெட்டை இறக்கியபோது பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்க விளிம்பு எலி கடித்த தேங்காய்ச் சில்லுபோல இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றான்.

அதே ஃபியூல் சிஸ்டத்தை வேறு இன்ஜினோடு ஓட்டிப் பார்த்தோம். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் ஃபியூல் ரெயிலில் ஒரு டீ ஜாயின்ட் போட்டு, பிரஷர் கேஜை முன் கண்ணாடிக்கு வெளியே டேப் வைத்து ஒட்டினோம். ஐடிலில் 3 பார். பூஸ்ட் ஏற ஏற முள் கீழே இறங்கியது. பம்புக்குத் தெம்பு இல்லை. அது மட்டுமல்ல. இந்த மாதிரிச் சின்னக் கார்களில் ரெகுலேட்டர் டேங்குக்குள் பம்போடு சேர்ந்தே இருக்கும். மேனிஃபோல்டில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. பம்ப் நல்ல பம்பாகவே இருந்து 3 பாரைப் பிடித்து நிறுத்தினாலும், எதிரே 0.8 பார் பூஸ்ட் தள்ளும்போது இன்ஜெக்டருக்கு மிஞ்சுவது 2.2 பார். ஓட்டம் 14 சதவீதம் குறைந்துவிடும். சரியாக எந்த நேரத்தில் அதிகம் வேண்டுமோ அந்த நேரத்தில் குறையும்.

தாமிரபரணிக் கரையில் இதை விளக்கப் பெரிய பாடம் தேவையில்லை. சுத்தமல்லி அணைக்கட்டில் தண்ணீர் நிறைந்து நின்றாலும், திருநெல்வேலி கால்வாயின் கடைமடை வயலுக்கு அழுத்தத்தோடு வந்து சேர்ந்தால்தான் பயிருக்குத் தண்ணீர். டேங்க் நிறையப் பெட்ரோல் இருப்பது தலைமடைக் கணக்கு. இன்ஜெக்டர் முனைதான் கடைமடை. அங்கே அளக்க வேண்டும். பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு ரெயில் பிரஷரையும் ஏற்றுகிற ரெகுலேட்டர், ரிட்டர்ன் லைன், அந்த அழுத்தத்திலும் தேவையான அளவு கொடுக்கும் பம்ப், பம்புக்குப் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயரும் ரிலேயும். இவை நாலும் சேர்ந்ததுதான் ஃபியூல் சிஸ்டம். பம்ப் டப்பாவில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்ப வேண்டாம். அழுத்தம் கூடக் கூட அந்த லிட்டர் குறையும். 4 பாரில் எவ்வளவு என்று அதன் ஃப்ளோ சார்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

“அப்ப பெரிய இன்ஜெக்டரை மட்டும் மாட்டிட்டா?” மாட்டலாம். ஆனால் புது இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரத்தை, வோல்டேஜ் வாரியாக, கம்ப்யூட்டருக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஐடிலில் பெட்ரோலில் மூச்சு முட்டும், மேலே போனால் கணக்கு தப்பும்.

“100 ஆக்டேன் போட்டாச் சரியாயிரும்” என்பது இன்னொன்று. இந்தியன் ஆயில் எக்ஸ்பி-100 நல்ல பெட்ரோல்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆக்டேன் என்பது தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் திறன். அது சக்தி அல்ல. பம்பில் வராத பெட்ரோலை ஆக்டேன் கொண்டுவராது. அதை நம்பி மேப் போட்டுவிட்டு, கயத்தாறு தாண்டி ஒரு பங்கில் சாதாரணப் பெட்ரோல் ஊற்றினால் அந்த மேப் அன்றைக்கே எமனாகும்.

இந்தப் பாடம் புதிதல்ல. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற டர்போ கார் வந்தது. நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். வாங்கியவர்கள் ஊற்ற மறந்தார்கள். கடைசியில் கம்பெனியே பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1978-ல் டர்போ காரைக் கொண்டுவந்த சாப் கம்பெனி, 1982-ல் நாக்கிங்கைக் காதுகொடுத்துக் கேட்டு பூஸ்டைத் தானே குறைக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தது. டர்போவை ஊருக்குள் நிம்மதியாக ஓட வைத்தது அந்தக் கட்டுப்பாடுதான்.

நம் வெயிலையும் கணக்கில் சேருங்கள். 40 டிகிரி காற்றை 1.8 மடங்கு அழுத்தினால் டர்போவிலிருந்து வெளியே வரும்போது 120 டிகிரியைத் தாண்டும். நல்ல இன்டர்கூலர் அதை 65-க்குக் கொண்டுவரும். குளிர்நாட்டில் எவனோ எழுதிய மேப் ஃபைலை வாங்கி அப்படியே ஏற்றுகிறவர்கள் இந்த 65 டிகிரியை யோசிப்பதில்லை. இக்னிஷன் டைமிங் இங்கே, இந்த வெயிலில் பார்த்து வைக்க வேண்டியது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு ஆர்சி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 182ஏ பிரிவுப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. இப்படிக் கட்டிய காருக்கு இடம் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை டிராக் போன்றவை. நாகர்கோவில் நான்குவழிச் சாலையில் விடியற்காலையில் போய் டியூன் பண்ணுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அங்கே பால் வண்டிக்காரரும் வேலைக்குப் போகிற பெண்களும் வருகிறார்கள்.

தம்பிகளே, டர்போவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்த வரிசையில் வாங்குங்கள். முதலில் வைட்பேண்ட் சென்சாரும் பிரஷர் கேஜும். அடுத்து பம்ப், ரெகுலேட்டர், இன்ஜெக்டர். பிறகு பூஸ்டைப் படிக்கும் மேப் சென்சாரும், அதைப் புரிந்துகொள்ளும் இன்ஜின் கம்ப்யூட்டரும். இவ்வளவையும் டர்போ இல்லாமலே மாட்டி, ஒரு மாதம் ஓட்டி, அளவுகளை நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு வாருங்கள். டர்போவை அப்புறம் சேர்ந்தே தேர்ந்தெடுப்போம்.