குறட்டைக்கு இன்சூரன்ஸ் கிடையாதாம்

எங்கள் ஊர்ப் பரம்பில் ஆயிரக்கணக்கான வருஷமாகத் தாழிக்குள் உறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். "உங்க கொறட்டைச் சத்தத்துல அவங்க எல்லாரும் ஒருநாள் எந்திரிச்சு வந்து கதவைத் தட்டப் போறாங்க" என்று வீட்டுக்காரி சொல்லுவாள். இருபது வருஷமாக இதைச் சொல்லிச் சிரித்தோம். குறட்டை விட்டால் ஆள் நல்லா உறங்குகிறான் என்றுதானே நம்ம பக்கத்தில் நினைப்பு.

சத்தம் நின்றபோதுதான் சிரிப்பும் நின்றது. குறட்டை திடீரென்று ஓய்ந்து, பத்து இருபது விநாடி மூச்சே இல்லாமல் கிடப்பேனாம். அப்புறம் திணறி ஒரு இழுப்பு இழுப்பேனாம். அவள் இருட்டில் உட்கார்ந்து விநாடியை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள். பகலில் எனக்குப் பேப்பரைப் பிரித்ததும் கண் சொருகும். ஒருநாள் செய்துங்கநல்லூர் போய்விட்டு மொபெட்டில் திரும்பும்போது திருச்செந்தூர் ரோட்டில் ஒரு நொடி அசந்துவிட்டேன். வண்டி ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது. எதிரே பஸ் எதுவும் வரவில்லை. அதனால்தான் இதை எழுத இருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் டாக்டரிடம் போனேன். ஒரு ராத்திரி தலை, நெஞ்சு, விரல் எல்லாம் வயர் மாட்டிப் படுக்க வைத்துத் தூக்கப் பரிசோதனை செய்தார்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று எண்ணுகிறார்கள். ஐந்துக்குக் கீழே என்றால் கவலை இல்லை. 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. எனக்கு 41. உறங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி எழுப்புகிறது. ராத்திரி முழுக்க இதே வேலைதான். ஸ்லீப் ஆப்னியா என்று பேர் சொன்னார்கள். பி.பி. மாத்திரையைக் கூட்டிக் கூட்டிப் போட்டும் ஏன் அடங்கவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

இது பணக்கார வியாதி என்று நினைக்க வேண்டாம். வேலை செய்யும் வயதில் இருக்கும் இந்தியர்களில் சுமார் பத்துக் கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டுக்கு மெட்டுப் போட்ட பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் 69 வயதில் இறந்தபோது டாக்டர்கள் சொன்ன காரணமும் இதுதான்.

எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது சிபாப் மெஷின். மூக்கில் முகமூடி மாட்டிக்கொண்டால் அது காற்றை ஒரே அழுத்தத்தில் உள்ளே தள்ளித் தொண்டையை அடைபடாமல் வைக்கும். ஒன்றும் புது அதிசயம் இல்லை. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். பரிசோதனை, மெஷின், முகமூடி எல்லாம் சேர்த்து எனக்கு அறுபதாயிரத்தைத் தாண்டியது. உப்பளத்தில் முப்பத்தி இரண்டு வருஷம் கணக்கு எழுதினவனுக்கு வருகிற பி.எஃப். பென்ஷன் எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரி இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். நகைக்கடன் வாங்கித்தான் மூச்சு விட ஆரம்பித்தேன்.

மெஷின் போட்ட முதல் ராத்திரி நடுவில் அவள் எழுந்து என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாளாம். சத்தமே இல்லாததால் பயந்துபோய்விட்டாள்.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மகன் எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்பீடு இருந்தது. கம்பெனி பேர் வேண்டாம். மனுப் போட்டோம். "வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் கருவிக்குப் பணம் இல்லை" என்று பதில் வந்தது. அந்தப் பாலிசிப் புத்தகத்தை, ஒரு காலத்தில் பேரேடு பார்த்த கண்ணால் வரிவரியாகப் படித்தேன். உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை பற்றி ஒரு பத்தி இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019ல் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வகுத்த வாசகம் அது. எடையை உயரத்தோடு வைத்துப் பார்க்கும் பி.எம்.ஐ. 35க்கு மேல் இருந்து, கூடவே கடுமையான ஸ்லீப் ஆப்னியாவும் இருந்தால், எடை குறைக்கும் ஆபரேஷனுக்குப் பணம் கேட்கலாமாம். அதாவது, இந்த வியாதி பெரியது என்று அவர்களுக்கே தெரியும். வயிற்றில் கத்தி வைக்க லட்சக்கணக்கில் தருவார்கள். தொண்டைக்குக் காற்று கொடுக்கிற மெஷினுக்கு அதில் ஒரு சிறு பங்குகூடக் கிடையாது.

என் கருத்து இதுதான். நம் காப்பீடுகள் எல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்காகச் செய்தவை. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் வரை உண்டு. எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய நல்ல திட்டம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதுவும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் செய்கிற சிகிச்சைக்குத்தான். வயசானவர்களுக்கு வருகிற நோயோ வீட்டுக் கட்டிலில் நடக்கிறது. பக்கவாதம் வந்து படுத்த பிறகு செலவு செய்வதைவிட, அதற்கு முந்தின வருஷமே மெஷின் கொடுப்பது மலிவு.

முடியாத காரியமா இது? மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில், நிபுணர் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினால், வீட்டில் வைக்கும் சிபாப்புக்கும் ஒரு உச்சவரம்பு வரை பணம் திரும்பக் கிடைக்கிறது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை மட்டுமல்ல, வீட்டிலேயே வயிறு வழியாக டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு அதற்கான திரவப் பைகளும் வீடு தேடிப் போகின்றன. டயாலிசிஸ் பை வருகிற வாசலுக்கு மூச்சு மெஷின் வராதா? இலவசமாகவே தர வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. மாவட்ட அரசு மருத்துவமனையில் சில மெஷின்களை வைத்துக்கொண்டு, நூலகப் புத்தகம் மாதிரி இரவல் கொடுத்தால் போதும். ஆள் போட்டுக்கொள்ளவில்லை என்றால் திரும்ப வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

எதிர்ப்பக்கம் பேசுகிறவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. மெஷினை வாங்கி அலமாரியில் வைப்பவர்கள் நிறைய. 2016ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதமோ கண்ட சுமார் 2,700 பேரை வருஷக்கணக்கில் கவனித்தார்கள். மெஷின் கொடுத்தும் மாரடைப்பு குறையவில்லை. பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன, அவ்வளவுதான். ஆனால் அவர்கள் ஒரு ராத்திரிக்குச் சராசரியாகப் போட்டது 3.3 மணி நேரம்தான். நானும் முதல் மாதம் விடிவதற்குள் கழற்றி எறிந்தவன்தான். முகமூடி அளவு சரியில்லை. அதை மாற்றிய பிறகு முழு ராத்திரியும் போட முடிந்தது. ஆகவே மெஷினோடு, முகமூடியைச் சரிபார்த்துச் சொல்ல ஒரு ஆளும் வேண்டும். விற்றவர்கள் அதற்கு வருவதில்லை. ஏழை ஆளுக்கு யார் வருவார்?

அது கிடைக்கிற வரைக்கும், நம்ம வயசுக்காரர்கள் காசை எப்படிச் செலவழிப்பது என்று பட்டதைச் சொல்கிறேன்.

முதல் காசு பரிசோதனைக்கு. அது இல்லாமல் கடையில் போய் மெஷின் வாங்காதீர்கள். லேசான அளவு என்றால் மல்லாக்கப் படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பதும், எடையைக் குறைப்பதும், ராத்திரித் தண்ணியை விடுவதும் நல்ல பலன் தரும். தூக்க மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள், தொண்டை இன்னும் தளரும். கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கிற பல் கருவி ஒன்றும் உண்டு. ஆனால் அது பிடித்து நிற்கப் பல் வேண்டுமே! எனக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. டிர்செபடைட் என்று வாரம் ஒரு ஊசி வந்திருக்கிறது. பருமனோடு இந்த நோயும் உள்ளவர்களுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். இங்கே 2025ல் விற்பனைக்கு வந்தபோது குறைந்த அளவு மருந்துக்கே மாதம் பதினாலாயிரம் ரூபாய். அது மாதாமாதச் செலவு என்பதை மறக்கக் கூடாது.

மெஷின்தான் என்று ஆனால், முதலில் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். முகமூடியை உங்கள் முகத்தில் வைத்துப் பார்த்து, படுத்துப் பார்த்து வாங்குங்கள். 2025 செப்டம்பரில் இந்த வகைக் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது, பில்லைப் பாருங்கள். நான் அதற்கு முன்னாலேயே வாங்கித் தொலைத்தேன். ஈரப்பதத் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். தாமிரபரணித் தண்ணி எவ்வளவு இனித்தாலும் அதற்கு ஆகாது.

போன வாரம் எங்கள் தெருவுக்கு பி.பி. மாத்திரை கொண்டு வந்த பெண்ணிடம், "ஏம்மா, குறட்டை விடுறாங்களான்னும் ஒரு வார்த்தை கேட்டு எழுதிக்கிடக் கூடாதா?" என்றேன். "நோட்டுல அதுக்குக் கட்டம் இல்லையே தாத்தா" என்றாள். அந்தக் கட்டத்தைத்தான் நாம் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாக எழுதிக் கொடுக்கப் போகிறேன். சிரிப்பார்கள், தெரியும். நாங்களும் இருபது வருஷம் சிரித்தவர்கள்தானே.