குழாய் மாறினால் மருந்தும் மாறும்!

ரத்தப் பரிசோதனையில் தவறு எங்கே நடக்கிறது?

காய்ச்சலா? ரத்தப் பரிசோதனை. மயக்கமா? ரத்தப் பரிசோதனை. அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்து எழுதுகிறார். சீட்டே தவறாக இருந்தால்?

"மெஷின் கோளாறு" என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மை வேறு.

எண்ணிப் பார்த்தார்கள்

இத்தாலி நாட்டில் பதுவா என்ற நகரம் இருக்கிறது. புனித அந்தோணியார் கோவில் கொண்ட ஊர். அங்குள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பரிசோதனைக் கூடத்தில் தவறுகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். 1997-ல் முடிவு வெளியாயிற்று. 40,490 சோதனைகளில் 189 தவறுகள். அவற்றில் 100-க்கு 68, சோதனை தொடங்கும் முன்பே நடந்தவை! சோதனையின்போது நடந்தவை 100-க்கு 13 தான். மீதி, அதற்குப் பிறகு வந்தவை. 2007-ல் வெளியான மறு ஆய்விலும், முன்னால் நடந்த தவறுகளே அதிகம்: 100-க்கு 62.

குழாய்க்குள் நடப்பது

ரத்தச் சிவப்பு அணுக்களுக்குள் பொட்டாசியம் என்ற சத்து நிறைய இருக்கிறது. குழாயைப் பலமாகக் குலுக்கினால் அணுக்கள் உடையும். பொட்டாசியம் வெளியே வரும். இல்லாத நோய் இருப்பதுபோல் காட்டும்.

சர்க்கரைச் சோதனைக்கு எடுத்த ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் அப்படியே வைத்திருந்தால், அணுக்கள் சர்க்கரையைத் தின்றுவிடும். மணிக்கு 100-க்கு 5 முதல் 7 பங்கு வரை குறையும். சர்க்கரை நோயாளிக்கு "நோய் இல்லை" என்றுகூட வரலாம்!

அதனால்தான் சோதனைக்கு ஏற்றபடி குழாய் மூடிகளுக்கு வேறு வேறு நிறம். ஒரு குழாயில் எடுத்ததை மற்றொன்றில் ஊற்றக்கூடாது.

பெயர் மாறினால் ஆபத்து

அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு லட்சுமிகள் இருந்தால்? ஒருவரின் ரத்தம் மற்றவர் பெயரில் போனால், பிறகு ஏற்றுகிற ரத்தமே உயிரைக் குடிக்கலாம்.

"நீங்கள்தானே லட்சுமி?" என்று கேட்டால், மயக்கத்தில் இருப்பவர் யாராயினும் தலையாட்டுவார். "உங்கள் பெயர் என்ன? பிறந்த தேதி என்ன?" என்று கேட்பதே சரி. ரத்தம் எடுத்தவுடன், நோயாளியின் பக்கத்திலேயே பெயர்ச் சீட்டை ஒட்டிவிட வேண்டும்.

வீட்டாரும் செய்யலாம்

"வெறும் வயிற்றில் வா" என்றால் 8 மணி நேரமாவது பட்டினி இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம். காப்பி கூடாது. சாப்பிடும் மாத்திரைகளை மறைக்காமல் சொல்லவேண்டும். குழாயில் எழுதிய பெயரைப் படித்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்கத் தயங்கக்கூடாது.

விலை உயர்ந்த மெஷின் வாங்கினால் மட்டும் போதாது. எடுக்கிற கையும் ஒட்டுகிற சீட்டும் சரியாக இருக்கவேண்டும். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை, கவனம்தான் தேவை!